நவம்பர் 14: புத்தகத்துக்குக் காசு கொடுத்தவன் எங்கே?

ஆண்டுதோறும் நவம்பர் 14-ல் தேசிய நூலக வாரம் தொடங்குகிறது. மாலை உண்டு, மேடை உண்டு, மணிக்கணக்கில் பேச்சும் உண்டு. புத்தகத்தைப் போற்றுகிறார்கள். அந்தப் புத்தகத்துக்கு உழைத்துக் காசு கொடுத்தவனை மட்டும் எவரும் மேடைக்கு அழைப்பதில்லை!

இதே தேதியில் வெளிவந்த இரண்டு புத்தகங்களின் கதையைத் தோழர்கள் அறிய வேண்டும்.

ஒன்று, 'கிரீசித்தியானி வணக்கம்'. 1579 நவம்பர் 14 என்ற தேதியுடன் கொச்சியில் அச்சான தமிழ் நூல். அதற்கு முந்திய ஆண்டுதான், 1578 அக்டோபர் 20-ல், 16 பக்கத் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாயிற்று. தமிழாக்கிய பாதிரியார் அண்டிரிக் அடிகளின் பெயரைச் சரித்திரம் சொல்கிறது. தமிழ் அச்சுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அரண்மனைக் கஜானாவிலிருந்தா? இல்லை! முத்துக்குளித்துறைப் பரவர்கள் கொடுத்தார்கள். மூச்சடக்கிக் கடலில் மூழ்கிய உழைப்பாளிகளின் காசு அது. முத்து சீமான்களின் கழுத்துக்குப் போயிற்று. குளித்தவனின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மற்றொன்று, 'மோபி டிக்'. 1851 நவம்பர் 14-ல் நியூயார்க்கில் வெளிவந்த நாவல். எழுதிய ஹெர்மன் மெல்வில், 1841-ல் திமிங்கில வேட்டைக் கப்பலில் கூலியாகப் போனவர். அந்தக் கப்பல்களில் மாதச் சம்பளம் கிடையாது. லாபத்தில் பங்கு என்பார்கள். எவ்வளவு பங்கு? நாவலில் வேலை கேட்டு வரும் இளைஞனுக்குக் கப்பல் முதலாளி 777-ல் ஒரு பங்கு தருகிறேன் என்கிறான்! பேரம் பேசிய பிறகு 300-ல் ஒன்று. உயிரைப் பணயம் வைத்தவனுக்குத் துளி. கரையில் உட்கார்ந்தவனுக்குக் குடம். குத்தகையும் கூலியும் அறிந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதா?

1582-ல் நாள்காட்டியே திருத்தப்பட்டதால் இரண்டும் ஒரே தேதியல்ல என்று பண்டிதர்கள் வாதிடட்டும். நமக்கு வேண்டியது தேதியல்ல, நீதி!

"தொழிலாளிக்குப் படிக்க எங்கே ஆசை?" என்று கேட்கும் கனவான்களுக்குச் சொல்கிறோம்: காசு கொடுப்பவன் இன்றும் அவன்தான். 1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. கோவிலம்பாக்கத்தில் வாடகைக்கு இருக்கும் கொத்தனாரும் சித்தாளும் அந்த வரியை வாடகையோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். வசூலித்த வரியை நூலகங்களுக்குச் சேர்க்காமல் உள்ளாட்சிகள் பாக்கி வைத்த செய்தி எத்தனை தடவை பத்திரிகைகளில் வந்துவிட்டது! ஏழை வாடகை பாக்கி வைத்தால் சாமான் தெருவுக்கு வருகிறது. இந்தப் பாக்கிக்கு யார் மீது நடவடிக்கை?

ஷிப்டு முடிந்து கீழ்க்கட்டளையிலும் மேடவாக்கத்திலும் பஸ் இறங்கி வருகிறவன் முன்னே நூலகக் கதவு பூட்டிக் கிடந்தால், உள்ளே ஆயிரம் புத்தகம் இருந்தென்ன, லட்சம் இருந்தென்ன?

தோழர்களே! அடுத்த நவம்பர் 14-ல் கூட்டத்தில் கைதட்ட மட்டும் போகாதீர்கள். மூன்று கேள்விகளோடு போங்கள். எங்கள் பகுதியில் வசூலான நூலக வரி எவ்வளவு? அதில் நூலகத்துக்குச் சேர்ந்தது எவ்வளவு? இரவு 9 மணி வரை கதவு திறந்திருக்குமா?

பதில் வரும்வரை கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் முணுமுணுப்பு. ஊராகக் கேட்டால் கோரிக்கை!