இடிபாடுகள் யாருக்குச் சொந்தம்?

காசாவில் குவிந்துள்ள இடிபாடுகள் 5 கோடி டன்னைத் தாண்டும் என்கிறது ஐ.நா. மதிப்பீடு. அவற்றை அகற்றிவிட்டு ‘ரிவியேரா’ எழுப்பப் போவதாக 2025 பிப்ரவரியில் டிரம்ப் அறிவித்தார். அவருக்கு அது குப்பை. அங்கு வாழும் மக்களும் அப்படித்தான்.

அக்குவியலுக்கடியில் மீட்கப்படாத உடல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. வெடிக்காத குண்டுகளும் கல்நார்த் தூசும் கலந்துள்ளன. எனவே உடல்களை மீட்பதும், குண்டுகளைச் செயலிழக்கச் செய்வதும், கல்நாரைப் பிரிப்பதுமே முதற்பணி. புல்டோசர் அதற்குப் பிறகுதான்.

எஞ்சும் கான்கிரீட் மக்களின் சொத்து. 2007 முதல் முற்றுகையிட்டுள்ள இஸ்ரேல், சிமெண்டையும் கம்பியையும் ‘இரட்டைப் பயன்பாட்டுப் பொருள்’ என்று தடுத்து வந்தது. 2009 போருக்குப் பின் காசா தொழிலாளர்கள் இடிந்த கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கினர். வளைந்த கம்பிகளை நிமிர்த்தினர். அவற்றைக் கொண்டே கட்டினர். நாஜிகள் தரைமட்டமாக்கிய வார்சாவிலும், யூத கெட்டோவின் இடிபாட்டை அரைத்தே முரானூவ் குடியிருப்பு எழுந்தது. இறந்தோரின் உடல்கள் முழுமையாக மீட்கப்படாமலே அது நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இன்று கல் நொறுக்கும் எந்திரமும் டீசலும்கூட இஸ்ரேலின் அனுமதியின்றிக் காசாவுக்குள் நுழைய முடியாது. மறுகட்டுமானம் பேசும் அரசுகள், மோடி அரசு உட்பட, முதலில் இதைப் பற்றி வாய் திறக்கட்டும்.