ஆன்லைனில் ஏபிஏ முதுநிலைப் பட்டம்: படித்து முடித்தால் வேலை ரெடியா?

வேலையை விட வேண்டாம், விசா வேண்டாம், லேப்டாப் இருந்தால் போதும். வீட்டிலிருந்தே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்ய ஆசைப்படும் பலரை ‘அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ்’ (ஏபிஏ) ஆன்லைன் படிப்புகள் இழுப்பது இதனால்தான். ஆனால் ஒரு விஷயத்தை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் துறையில் பட்டம் வேறு, தொழில் செய்வதற்கான சான்றிதழ் வேறு.

ஏபிஏ என்றால் என்ன?

நோட்டை எடுத்தாலே பென்சிலைத் தூக்கி எறிகிறது ஒரு குழந்தை. “சரி, அப்புறம் எழுதலாம்” என்று அம்மா நோட்டை மூடிவிடுகிறார். பென்சிலை எறிந்தால் எழுதவேண்டியதில்லை என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. ஒரு செயலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று குறித்துவைத்து, காரணத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஏபிஏ. பிறகு, எறிவதற்குப் பதிலாக “கொஞ்சம் பிரேக் வேணும்” என்று சொல்லவோ, சைகையால் கேட்கவோ பழக்குவார்கள்.

உளவியலாளர் பி.எஃப்.ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த துறை இது. இதற்கெனத் தனி ஆய்விதழ் 1968-ல் தொடங்கியது.

ஏன் இவ்வளவு டிமாண்ட்?

காரணம் இன்ஷூரன்ஸ். ஆட்டிசம் சிகிச்சைக்குக் காப்பீடு தரவேண்டும் என்ற விதி 2019-க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் வந்துவிட்டது. ஏபிஏ செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்கத் தொடங்கியதும், சான்றிதழ் பெற்ற நிபுணர்களின் தேவை எகிறியது. ஆன்லைன் படிப்புகளும் பெருகின.

பட்டம் மட்டும் போதாதா?

போதாது. அமெரிக்காவில் 1998-ல் தொடங்கப்பட்ட பிஏசிபி என்ற அமைப்புதான் ‘பிசிபிஏ’ சான்றிதழைத் தருகிறது. அதற்கு முதுநிலைப் பட்டமும், குறிப்பிட்ட பாடங்களும் வேண்டும். இவை ஆன்லைனில் முடிந்துவிடும்.

அடுத்தது களப்பயிற்சி. வழக்கமான முறையில் 2,000 மணி நேரம். வாரம் 20 மணி நேரம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 2 வருடம். தகுதியுள்ள மேற்பார்வையாளர் இருக்க வேண்டும். இதில் குறைந்தது 60 சதவீத நேரம் மதிப்பீடு செய்வது, தரவுகளை அலசுவது, பயிற்சித் திட்டம் எழுதுவது போன்ற வேலைகளில் போக வேண்டும். குழந்தையோடு உட்கார்ந்து பயிற்சி தருவதை மட்டுமே கணக்குக் காட்ட முடியாது. பல ஆன்லைன் படிப்புகளில் இந்த இடத்தை மாணவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, 185 கேள்விகள் கொண்ட 4 மணி நேரத் தேர்வு. முதல் முறை எழுதுவோரில் தேர்ச்சி பெறுபவர்கள் சமீப ஆண்டுகளில் பாதிக்குச் சற்று மேல்தான். அதையும் தாண்டினால், பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து படித்தால்?

சிக்கலே இங்குதான். 2023 ஜனவரி 1 முதல், அமெரிக்காவிலும் குறிப்பிட்ட சில நாடுகளிலும் வசிப்பவர்களிடம் மட்டுமே புதிய விண்ணப்பங்களை பிஏசிபி ஏற்கிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. குடியுரிமை அல்ல, வசிப்பிடம்தான் கணக்கு. சென்னையில் இருந்தபடியே பட்டம் வாங்கலாம். சென்னையில் இருந்தபடியே பிசிபிஏ ஆக முடியாது.

ஐபிஏஓ, கியூஏபிஏ போன்ற வேறு அமைப்புகள் பிற நாட்டினருக்கும் சான்றிதழ் தருகின்றன. ஆனால் பிசிபிஏ கேட்கும் இடத்தில் அதை ஏற்பார்களா என்பது அந்தந்த நிறுவனத்தையும் மாநிலத்தையும் பொறுத்தது.

இந்தியாவில் சிறப்புக் கல்வி ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் போன்றோரைப் பதிவு செய்வது, 1992-ம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சில். அந்தப் பட்டியலில் ‘பிஹேவியர் அனலிஸ்ட்’ என்று தனிப் பிரிவு கிடையாது.

அமெரிக்காவில் ஹெச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். படிக்கத் தடை இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தனி அனுமதி வேண்டும். களப்பயிற்சியை வேலை பார்த்தபடியே முடிப்பதுதான் பலருடைய வழி என்பதால், சேருவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

எதிர்ப்பும் இருக்கிறதே?

இருக்கிறது. எதிர்ப்பவர்களில் ஆட்டிசம் உள்ளவர்களே முக்கியமானவர்கள். 1987-ல் வெளியான ஐவர் லோவாஸின் ஆய்வு, வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்ற குழந்தைகளைப் போலவே பள்ளியில் படிக்கும் நிலைக்கு வந்ததாகச் சொன்னது. ஆனால் எந்தக் குழந்தைக்கு எந்தப் பயிற்சி என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. தண்டனை முறைகளும் அதில் இருந்தன. கைகளை அசைப்பது போன்ற, யாருக்கும் தொந்தரவு தராத பழக்கங்களை நிறுத்தி, குழந்தையை ‘நார்மலாக’ காட்டுவதுதான் நோக்கமா என்று கேட்கிறார்கள். பயிற்சி முறைகள் இப்போது மாறியிருக்கின்றன. இருந்தாலும் அந்தக் கேள்வி நியாயமானது. அதைப் பேசாத பாடத்திட்டம் பாதிப் பாடத்திட்டம்தான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

* நான் வசிக்கும் இடத்திலிருந்து எந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்? பதிலை இமெயிலில் வாங்குங்கள்.
* களப்பயிற்சி இடமும் மேற்பார்வையாளரும் யார் பொறுப்பு? அதற்குத் தனிக் கட்டணமா?
* இந்தப் பல்கலைக்கழக மாணவர்களின் தேர்ச்சி விகிதம் என்ன? பல்கலைக்கழக வாரியான விவரத்தை பிஏசிபி ஆண்டுதோறும் வெளியிடுகிறது.
* ஆன்லைனில் பெற்ற வெளிநாட்டுப் பட்டத்துக்கு இந்தியாவில் சமநிலைச் சான்று கிடைக்குமா? இதை யுஜிசியிடம் கேளுங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள்.

அமெரிக்காவில் குடியேறுவது உறுதி என்றால் இது நல்ல வழி. தமிழ்நாட்டிலேயே இருந்து வேலை செய்வதுதான் திட்டம் என்றால், மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த சிறப்புக் கல்வி அல்லது உளவியல் படிப்பை முதலில் முடித்துவிட்டு, ஏபிஏவைக் கூடுதல் திறனாகக் கற்பதே பாதுகாப்பானது.