ஊட்டிக்கு நடக்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு
மார்பகப் புற்றுநோய் நிதிக்காக மூணு நாள் நீலகிரியில நடக்கலாமானு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா முதல்ல என்ன பார்ப்பீங்க? ஷூ விலையா?

அமெரிக்காவுல சூசன் ஜி. கோமன் அமைப்போட நடை ரொம்பப் பிரபலம். 3 நாள், 60 மைல். நம்ம மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் பாதை 46 கி.மீ.; அதுல ஏறி இறங்குறதை விடவே கொஞ்சம் அதிகம். ஆனா கால்வலி இல்லை மேட்டர். நடக்குற ஒவ்வொருத்தரும் குறைஞ்சது 2,300 டாலர் திரட்டணும்னு அங்க விதி வெச்சிருந்தாங்க.

இங்க? காட்டேஜ், டாக்ஸி, டி-ஷர்ட், திரும்பும்போது ஊட்டி வர்க்கி (அதை விட முடியாதுதான்!) எல்லாம் போக நிதிக்கு எவ்வளவு மிஞ்சும்? டிரிப்புக்கு எவ்வளவோ, நிதிக்கும் அவ்வளவு. கட்டுப்படியாகலையா, வீட்டுலயே இருந்து 1954ல முத்துலட்சுமி ரெட்டி தொடங்கின அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பிடுங்க. வரி மிச்சமாகும்னு மட்டும் கணக்குப் போடாதீங்க; புது வரி முறையில 80ஜி கழிவு கிடையாது.

வழியில தேயிலை பறிக்கிற அக்காக்களைப் பார்ப்பீங்க. தினக்கூலிக்கு வர்றவங்களுக்கு, மேமோகிராம் எடுக்கப் போனா அன்னைக்குக் கூலி போச்சு. வலிக்காத கட்டிக்கு யாரு லீவு போடுவா? அந்த ஒருநாள் கூலியும் பஸ் காசும் நிதியில இருக்கானு நடத்துறவங்ககிட்ட கேளுங்க. இல்லைன்னா, நான் பதிவுக் கட்டணம் கட்ட மாட்டேன்.