பழி சொல்லும் முன் பரிசோதியுங்கள்!



கடையில் ஒரு மூட்டை குறைந்தால் அன்றிரவே கணக்கைப் புரட்டுகிறீர்கள். மகளுக்கு மூன்று மாதமாக மாதவிடாய் வரவில்லை என்று அவள் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னால், "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்கிறீர்கள். இது நியாயமா? கல்யாணம் என்ன மருந்தா?

சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் இக்கோளாறு, பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. பெயரைக் கேட்டு நடுங்க வேண்டாம். அவை முதிராமல் நின்றுவிட்ட சிறு முட்டைப் பைகளே, அறுத்தெடுக்கும் கட்டியல்ல. ஆனால் கவனிக்காமல் விட்டால் சர்க்கரை நோய் வரலாம். ஆண்டுக்கணக்கில் மாதவிடாய் தவறினால் கருப்பைப் புற்றுநோய் அபாயமும் கூடும்.

பரிசோதனை அப்படியொன்றும் பயங்கரமானதல்ல. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முகத்தில் ரோமம், தீராத பரு ஆகியவை ஹார்மோன் மிகுதியின் அடையாளங்கள். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லையென்று இரத்தப் பரிசோதனையில் உறுதி செய்வார்கள். முதல் இரண்டும் தெளிவாக இருந்தால் ஸ்கேனே தேவையில்லை என்கிறது 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டி. தேவைப்பட்டாலும் திருமணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேல் வைத்தே எடுக்கலாம். பெண் மருத்துவரைக் கேட்டுப் பெறுங்கள். வெட்கத்தைக் காரணம் காட்டி நோயை வளர்க்காதீர்கள்!

ரமளானில் விடுபட்ட நோன்புகளை நாள் தவறாமல் எண்ணிக் களாச் செய்பவர்கள் நம் பெண்கள். அந்தத் தேதிகளை எழுதி எடுத்துச் செல்லட்டும். பருவமடைந்து சில ஆண்டுகளான பின்னும் இடைவெளி 35 நாட்களைத் தாண்டிக்கொண்டே போனால் தாமதிக்க வேண்டாம்.

இளைஞனே! வளைகுடாவிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்து போகிறாய். பிள்ளை இல்லையென்றதும் உன் வீட்டார் அவளை மலடி என்கிறார்கள். நீ உன் விந்தணுவைப் பரிசோதித்தாயா? அவளுக்கே நீர்க்கட்டி இருந்தாலும், முட்டை வெளிவர மாத்திரைகள் உண்டு. உரிய சிகிச்சையில் தாயானோர் ஏராளம். மருத்துவர் தீர்ப்புச் சொல்லும் முன் நீ தீர்ப்புச் சொல்ல உனக்கு என்ன உரிமை?

பணமும் அனுமதியும் நம் கையில் இருக்கும் வீடுகளில் பொறுப்பும் நம்முடையதே. இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்!