'கடல் பூஞ்சையில் கேன்சர் மருந்து' என்று செய்தி வந்தால்... முதலில் கேட்க வேண்டிய கேள்வி!

'புற்றுநோயை அழிக்கும் கடல் பூஞ்சை!' குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு ஃபார்வர்டு வந்தால், கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர் எப்படிப் படிப்பார்? 'மருந்து வந்துடுச்சு' என்றுதான். சிக்கலே அங்கேதான்.

கடல் பூஞ்சை லேசுப்பட்டதல்ல. 1945-ல் இத்தாலியின் சார்டினியா தீவில், சாக்கடை கடலில் கலக்கும் இடத்தருகே ஜூசெப்பே புரோட்சு கண்டெடுத்த பூஞ்சையிலிருந்துதான் செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்குகள் வந்தன. ஆனால் முதல் மருந்து சந்தைக்கு வர 1964 ஆகிவிட்டது.

புற்றுநோய்க்கான பாதை இன்னும் கரடுமுரடானது. பஹாமாஸில் ஒரு கடற்பாசியில் வாழ்ந்த அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையில், அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வாளர்கள் ஹாலிமைடு என்ற வேதிப்பொருளைக் கண்டறிந்தனர். அதை மாற்றியமைத்து உருவானதே பிளினாபுலின். செல் இரண்டாகப் பிரியத் தேவையான டியூபுலின் புரதத்தை இது முடக்குகிறது.

நுரையீரல் புற்றுநோயாளிகள் 559 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில், டோசிடாக்சலுடன் இதைச் சேர்த்துக் கொடுத்தபோது மீடியன் ஆயுட்காலம் சுமார் ஒரு மாதம் கூடியது. கீமோவால் வெள்ளையணுக்கள் குறைவதைத் தடுக்க இதையே பயன்படுத்த அனுமதி கேட்டபோது, 2021-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. மறுத்து, இன்னொரு சோதனை கேட்டது. நன்றாக முன்னேறிய ஒன்றுக்கே இந்த நிலை!

காரணம் எளிது. கண்ணாடித் தட்டில் இருக்கும் புற்றுநோய் செல், பினாயில் ஊற்றினாலும் சாகும். நல்ல செல்லை விட்டுவைக்கிறதா, ரத்தத்தில் தாக்குப்பிடிக்கிறதா, கல்லீரல் தாங்குமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் தெரியும்.

அப்போ தேடவே வேண்டாமா? கண்டிப்பாகத் தேட வேண்டும். பூஞ்சைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. எரிபுலின் மருந்துக்கு வழிகாட்டிய பொருளை எடுக்க, ஒரு டன் கடற்பஞ்சைப் பிழிந்தும் கிடைத்தது சுமார் 300 மில்லிகிராம்தான். பூஞ்சை அப்படியல்ல, தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம், கடலைச் சுரண்ட வேண்டாம்.

ஆகவே தேடலுக்குப் பணமும் பொறுமையும் வேண்டும். தலைப்புக்கு நேர்மை வேண்டும். சோதித்தது தட்டிலா, எலியிலா, மனிதரிலா? இதை முதல் வரியிலேயே சொல்வது ஊடகங்களின் கடமை. சொல்லாத செய்தியை ஃபார்வர்டு செய்யாமல் இருப்பது நம் கடமை. அதை நம்பி ஒருவர் கீமோவைத் தள்ளிப்போட்டால், இழக்கும் நாட்களை எந்தப் பூஞ்சையும் திருப்பித் தராது.