உங்க லீடர் யாருடா?

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப அக்கா பையன் புது யூனிஃபார்ம் போட்டுக் காட்டினான். ஏழாவது படிக்கிறான். சாம்பல் கலர் சட்டை, கருநீலப் பேண்ட், கழுத்துல ஸ்கார்ஃப். "மாமா, நான் ஸ்கவுட்ல சேர்ந்துட்டேன்"னு மூணு விரல் சல்யூட் வேற. எனக்கு ஒரே சந்தோஷம். நானும் ஒரு காலத்துல சாரணனா இருந்தவன்தானே, உடனே உட்கார வெச்சு பேட்டி எடுக்க ஆரம்பிச்சுட்டேன்.

"ஸ்கவுட்ல என்னடா பண்ணுவீங்க?"

"யாராவது பெரியவங்க ஸ்கூலுக்கு வந்தா ரெண்டு பக்கமும் வரிசையா நிப்போம் மாமா. கை தட்டுவோம்."

"அப்புறம்?"

"ஆகஸ்ட் பதினஞ்சுக்கு மார்ச் பாஸ்ட்."

"முடிச்சு போடத் தெரியுமா? கேம்ப் போயிருக்கீங்களா?"

"இல்லை."

"சரி, உன் பேட்ரோல்ல லீடர் யாரு?"

"பேட்ரோல்னா?"

"உங்க லீடர் யாருடா?"

"பி.டி. சார்."

அந்தக் கடைசி பதில்தான் இந்தப் பதிவை எழுத வெச்சது. பையன் மேல தப்பில்லை. அந்த பி.டி. சார் மேலயும் பெரிய தப்பு இல்லை, பாவம், அவருக்கு ஆயிரம் வேலை. ஆனா சாரணர் இயக்கத்துல "உங்க லீடர் யாரு"ன்னு கேட்டா ஒரு பையன் இன்னொரு பையன் பேரைச் சொல்லணும். அதைச் சொல்ல முடியலேன்னா அது சாரணர் படை இல்லை, வரவேற்புக் குழு.

ஏன் இப்படி அடிச்சுச் சொல்றேன்னா, இந்த இயக்கம் ஆரம்பிச்சதே அப்படித்தான். 1907 ஆகஸ்ட்ல பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்சீங்கற தீவுக்கு இருபது பசங்களைக் கூட்டிட்டுப் போய் முதல் முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிக்கூடத்துப் பசங்களும் தொழிலாளி வீட்டுப் பசங்களும் கலந்து இருந்தாங்க. அவங்களை ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லியூ (அது ஒரு நீர்ப்பறவை)ன்னு நாலு அணியாப் பிரிச்சு, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனைத் தலைவனாக்கினார். அணி என்ன செஞ்சாலும் அந்தப் பையன்தான் பொறுப்பு. சல்யூட், ஸ்கார்ஃப், பேட்ஜ் எல்லாம் இதுக்கு மேல போட்ட துணிமணி. உடம்பு அந்த ஆறேழு பேர் அணிதான்.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

நான் படிச்சது கடலூர்ல ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். எங்க ஸ்கவுட் மாஸ்டர் தமிழய்யா. சேர்ந்த முதல் வாரமே அணி அணியா உட்கார வெச்சு, "உங்கள்ல யாரு சொன்னா நீங்க கேப்பீங்க? பேரை எழுதிக் குடுங்க"ன்னார். எங்க அணியில எல்லாரும் எழுதின பேர் கப்பல். நிஜப் பேர் வேற. தேவனாம்பட்டினத்துப் பையன், அப்பாவுக்குப் படகு இருந்தது, அதனால அந்தப் பட்டம். கணக்குல தடுமாறுவான், கடைசி பெஞ்சு. ஆனா கயிறைக் கையில குடுத்தா வேற ஆள். பைமேல தைக்கிற ரெண்டு பட்டையை தமிழய்யா அவன்கிட்ட குடுத்தார்.

2011 ஆனித் திருமஞ்சனத்துக்கு சிதம்பரத்துல எங்களை சேவைக்கு விட்டாங்க. தேர் அன்னைக்கு நாலு வீதியும் எப்படி இருக்கும்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். தண்ணி குடுக்கறது, காணாமப் போன குழந்தைகளை போலீஸ் உதவி மையத்துல சேர்க்கறது எங்க வேலை. கீழ வீதியில ஒரு அஞ்சு வயசுப் பொண்ணு அழுதுக்கிட்டு நின்னா. நான் உடனே தூக்கிட்டு ஓடப் பார்த்தேன். கப்பல் தடுத்தான். "நீ தூக்கிட்டுப் போனா அவங்கம்மா இங்கதான் வந்து தேடுவாங்க. ரெண்டு பேர் பாப்பாவோட இங்கயே நில்லுங்க, ஒருத்தன் மையத்துல போய் சொல்லு, மத்தவங்க ரெண்டு பக்கமும் நடந்து கேட்டுப் பாருங்க." பத்து நிமிஷத்துல அம்மா கிடைச்சாங்க. தமிழய்யா பத்தடி தள்ளி நின்னு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசலை. அவர் பேசாம நின்னதுதான் எவ்வளவு பெரிய பாடம்னு எனக்குப் புரிய பத்து வருஷம் ஆச்சு.

அதே வருஷம் டிசம்பர் 30 விடிகாலை தானே புயல். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சு கிடந்ததை எங்க ஊர்க்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. எங்க தெருவுல ரெண்டு வாரத்துக்கு மேல கரண்ட் இல்லை. மூணாவது நாள் கப்பல் சைக்கிள்ல வந்து நின்னான். "ஸ்கார்ஃபை எடுத்துக்கிட்டு வா. கூரை போன வீட்டுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டணும்." சார் சொல்லி வந்தானான்னு கேட்டேன். "சாருக்கு எப்படித் தெரியும்? போனே வேலை செய்யலையே"ன்னான். ஆறு பேரும் போனோம். நான் புத்தகத்துல படிச்ச முடிச்சு காத்துல நழுவுச்சு. அவன் அவங்கப்பா படகு கட்டற முடிச்சைப் போட்டுக் காட்டினான். எங்க புத்தகத்துல அதுக்குப் பேர் க்ளோவ் ஹிட்ச். அந்தப் பேரே அவனுக்குத் தெரியாது.

இந்தக் கதை இங்கயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

பிப்ரவரியில ஆண்டு விழா. ஒரு பெரிய மனுஷர் வர்றார். அணிவகுப்பை முன்னால நின்னு நடத்த "பார்க்க நல்லா, இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை சொல்ற மாதிரி" ஒரு பையன் வேணும்னு ஆபீஸ் ரூம்ல முடிவாச்சு. என்னைக் கூப்பிட்டாங்க. ஏன் நான், ஏன் அவன் இல்லைன்னு உங்களுக்கே புரியும். அவன் சட்டையில இருந்த பட்டையைப் பிரிச்சு என் சட்டையில குத்தினாங்க. தமிழய்யா எதிர்த்துப் பேசினார்னு பிற்பாடு கேள்விப்பட்டேன். நான் எதிர்த்துப் பேசலை. அதுதான் விஷயம். எனக்கு உள்ளூர சந்தோஷமாக்கூட இருந்தது.

அடுத்த வாரத்துல இருந்து கப்பல் ஸ்கவுட்டுக்கு வரலை.

இப்ப வழக்கங்களுக்கு வர்றேன். சாரணர்கள் இடது கையால கை குலுக்குவாங்க. நம்ம ஊர்ல இடது கையால ஒரு ரூபாய் நீட்டினாலே பாட்டி முறைப்பாங்க, இங்க கையையே நீட்டணும். இதுக்கு ஒரு கதை சொல்வாங்க. மேற்கு ஆப்பிரிக்காவுல, இப்ப கானா இருக்கற இடத்துல, அசாந்தி வீரர்களுக்கு இடது கைதான் கேடயம் பிடிக்கற கை. அந்தக் கையை நீட்டணும்னா கேடயத்தைக் கீழ வைக்கணும். உன்னை நம்பறேன்னு அர்த்தம். கதை எவ்வளவு நிஜமோ, அர்த்தம் அழகு. தமிழய்யா இதை எங்களுக்குச் சொன்னார். என் அக்கா பையனுக்கு இடது கைன்னு தெரியும், ஏன்னு தெரியலை. ஹிந்தியில பாடற பிரார்த்தனைப் பாட்டு ஒண்ணும் அவனுக்கு மனப்பாடம். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. ஹிந்தி வேணுமா வேண்டாமாங்கற சண்டையை இன்னொரு நாள் வெச்சுப்போம். அர்த்தம் தெரியாத சத்தியம் எந்த மொழியில இருந்தாலும் சத்தியம் இல்லை, அவ்வளவுதான் சொல்றேன்.

வழக்கம்னா மாத்தவே கூடாதான்னா, அப்படியும் இல்லை. 1909-ல பெங்களூர்ல இந்த இயக்கம் ஆரம்பிச்சப்ப வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பசங்களுக்கு மட்டும்தான் இடம். நம்ம பசங்களைச் சேர்த்துக்கலை. அதனாலதான் 1916-ல அன்னி பெசன்ட் சென்னையில இந்தியப் பசங்களுக்குன்னு தனிச் சங்கம் ஆரம்பிச்சாங்க. தொப்பிக்குப் பதிலா தலைப்பாகை, இந்தியப் பாட்டுகள். பெசன்ட் அதையெல்லாம் மாத்தினாங்க, ஆனா சாரணர் முறையை விடலை. 1921-ல பேடன் பவல் இந்தியா வந்தப்ப ரெண்டு சங்கமும் இணைஞ்சது. இப்ப நாம பார்க்கிற பாரத சாரணர் இயக்கம் உருவானது 1950 நவம்பர் 7. நாமளோ தொப்பி, ஸ்கார்ஃப் எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்கிட்டு அணியைத் தொலைச்சுட்டோம்.

தலைமைன்னாலே நமக்கு மேல இருக்கறவங்க ஞாபகம்தான். 2017 செப்டம்பர்ல தமிழ்நாட்டு சாரணர் இயக்கத்துக்கு மாநிலத் தலைவர் தேர்தல் நடந்தது ஞாபகம் இருக்கும். பா.ஜ.க.வின் எச். ராஜா 52 ஓட்டு, ஓய்வுபெற்ற பள்ளிக் கல்வி இயக்குநர் பி. மணி 232 ஓட்டு. ஒரு வாரம் பேஸ்புக் முழுக்க மீம்ஸ். நானும் நாலு ஷேர் பண்ணேன். ஆனா எத்தனை பள்ளிக்கூடத்துல பேட்ரோல் லீடருக்கு ஓட்டு நடக்குதுன்னு நம்மள்ல ஒருத்தர் கேட்டோமா? 2025 ஜனவரி கடைசியில மணப்பாறையில வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. நல்ல விஷயம், போன பசங்க வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாங்க. ஆனா ஆயிரக்கணக்கான பேர் சேர்ற ஒரு வாரம் ஒரு பக்கம், ஆறு பேர் சேர்ற நாப்பது வாரம் இன்னொரு பக்கம்னா, நான் ரெண்டாவதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

"பன்னெண்டு வயசுப் பையன்கிட்ட பொறுப்பைக் குடுத்தா ஏதாவது ஆயிட்டா?"ன்னு அக்கா கேட்டா. நியாயமான கேள்வி. பெரியவங்க கட்டாயம் இருக்கணும். ஆனா யார் அந்தப் பெரியவங்கன்னும் கேட்கணும். 2024 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தனியார் பள்ளியில நடந்தது சாரணர் முகாம் இல்லை, என்.சி.சி. பேர்ல நடந்த போலி முகாம். அங்க மாணவிகளுக்கு நடந்த கொடுமைக்காக பயிற்சியாளர் மட்டும் கைதாகலை, பள்ளியை நடத்தினவங்களும் கைதானாங்க. அமெரிக்காவுல பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு 2020-ல திவால் மனு குடுத்ததே பாலியல் புகார்களாலதான். 82,000 பேருக்கு மேல இழப்பீடு கேட்டாங்க. யூனிஃபார்ம் போட்ட பெரியவர் சொன்னா கேட்டுக்கோன்னு மட்டும் சொல்லித் தர்ற இடம் பாதுகாப்பான இடம் இல்லை. சின்னப் பசங்க தங்களுக்குள்ள கூடிப் பேசி, "இது சரியில்லை"ன்னு ஒரே குரல்ல சொல்லப் பழகற இடம்தான் பாதுகாப்பு. அதைப் பழக்கத்தான் அணித் தலைவர்கள் கூடற கோர்ட் ஆஃப் ஹானர்னு ஒண்ணை வெச்சிருக்காங்க. என் அக்கா பையன் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை.

சும்மா புலம்பிட்டுப் போறவன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு நாலு விஷயம் சொல்லிடறேன்.

ஒண்ணு, அணித் தலைவரை அணியே தேர்ந்தெடுக்கட்டும். விழாவுக்காக மாத்தாதீங்க.

ரெண்டு, எந்த வழக்கத்தைச் சொல்லிக் குடுத்தாலும் ஏன்னு சேர்த்துச் சொல்லுங்க. ஏன்னு சொல்ல முடியலேன்னா விட்டுடுங்க.

மூணு, முகாம்ல எப்பவும் குறைஞ்சது ரெண்டு பெரியவங்க, பொண்ணுங்க இருந்தா பெண் பொறுப்பாளர் கட்டாயம். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோட தனியா இருக்கக் கூடாது.

நாலு, கடலூர் மாவட்டத்துக்குன்னு ஒண்ணு. சாரணர் குறிக்கோள் "தயாராக இரு". 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல்ல சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை ஊருக்குள்ள வந்தது. இதுக்கு மேல நம்ம ஊருக்கு என்ன நினைவூட்டல் வேணும்? வருஷா வருஷம் அக்டோபர் முதல் வாரம் ஒவ்வொரு அணியும் தன் தெருவை நடந்து பார்த்து ஒரு வரைபடம் போடட்டும். எந்த வீட்டுல தனியா பாட்டி தாத்தா இருக்காங்க, எங்க தண்ணி முதல்ல ஏறும், புயல் பாதுகாப்பு மையம் எத்தனை நிமிஷ நடை. வி.ஐ.பி.க்குக் கை தட்டற நேரத்துல பாதி போதும்.

இப்ப சென்னையில ஆணி புடுங்கற இடத்துல எங்க டீம் ஏழு பேர். டீமே தன்னைத் தானே நடத்திக்கணும்னு கம்பெனி செலவுல ரெண்டு நாள் ட்ரெயினிங் குடுத்தாங்க. அங்க உட்கார்ந்திருந்தப்ப கீழ வீதியும் அந்தப் பாப்பாவும்தான் ஞாபகம் வந்தது.

தீபாவளி முடிஞ்சு கிளம்பறதுக்கு முன்னாடி நம்பர் தேடிப் பிடிச்சு கப்பலுக்குப் போன் பண்ணேன். படகுதான் ஓட்டறான். பத்து நிமிஷம் சுத்தி வளைச்சுட்டு, "அந்தப் பட்டை விஷயம்டா... நான் வாங்கியிருக்கக் கூடாது"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அட, அதெல்லாம் எப்பவோ. எங்கம்மா கையால தைச்சுக் குடுத்தாங்கடா அதை. பிரிச்சப்ப சட்டைப் பை கிழிஞ்சு போச்சு. வீட்டுல என்ன சொல்றதுன்னுதான் பயமா இருந்தது."

அவ்வளவுதான் சொன்னான். சாப்பிட வரச் சொல்லியிருக்கான். பொங்கலுக்கு அக்கா பையனையும் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். க்ளோவ் ஹிட்ச் கத்துக்கட்டும்.

டிஸ்கி: உங்கள்ல எத்தனை பேர் ஸ்கவுட், கைட்ஸ்ல இருந்தீங்க? உங்க அணித் தலைவர் பேர் ஞாபகம் இருக்கா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பி.டி. சார் பேரை எழுதறவங்களுக்கு மார்க் கிடையாது :-)