கதவில் ஒரு மணி

"பூனைக்கு யார் மணி கட்டுவது?" என்று கேட்பது உலக வழக்கு. நாமோ, நாய்க்காகக் கதவில் மணி கட்டலாம் என்கிறோம்.

முற்றமும் கொல்லையும் இருந்த வீடுகளில் நாய் தன் தேவைக்குத் தானே போய் வந்தது. நகரத்துச் சிறு வீடுகளிலோ கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது. தாழ்ப்பாள் நம் கையில் இருக்கிறது. வெளியே போக வேண்டும் என்பதை அந்த வாயில்லாச் சீவன் எப்படிச் சொல்லும்? சொல்ல வழியின்றித் தரையை நனைத்துவிட்டால் அடி விழுகிறது. சிலர் அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்க்கின்றனர். நேரம் கடந்து வரும் தண்டனை எதற்கென்று நாய்க்கு விளங்குவதில்லை. நம்மைக் கண்டு அஞ்சவும், மறைவிடம் தேடவுமே அது கற்றுக்கொள்கிறது.

சொல்லும் வழியை நாமே கற்பிக்கலாம். நாயின் மூக்கு எட்டும் உயரத்தில், கதவருகே சிறு மணி ஒன்றைத் தொங்கவிட வேண்டும். அது மணியைத் தொட்டவுடன் பாராட்டி, ஏதேனும் தின்னக் கொடுக்க வேண்டும். பின்னர், வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் மணியைத் தொடச் செய்து, உடனே கதவைத் திறக்க வேண்டும். குட்டி தூங்கி எழுந்ததும், உண்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் இத்தேவை எழும், அவையே பாடவேளைகள். விளையாட்டுக்காக அது மணியடித்தால், வழக்கமான இடத்துக்கு மட்டும் அழைத்துச் சென்று திரும்பினால் போதும்.

செரிமான ஆராய்ச்சிக்காக 1904ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ருசிய அறிஞர் பாவ்லோவ், உணவுக்கு முன் ஓர் ஒலியைக் கேட்டுப் பழகிய நாய்களுக்கு அந்த ஒலி கேட்டதுமே உமிழ்நீர் ஊறுவதைக் காட்டினார். அங்கே ஒலி எழுப்பியவன் மனிதன், பணிந்தது நாய். இங்கோ ஒலி எழுப்புவது நாய். எழுந்து ஓட வேண்டியவர்கள் நாம்! உண்மையில் பயிற்சி யாருக்கு? நமக்கே அன்றோ!

மணியடித்தும் கதவு திறக்காவிட்டால், நாய் மணியை மறந்துவிடும். குற்றம் அதனுடையதன்று. நள்ளிரவில் மணி ஒலித்தால் எழுவது யார்? பகலெல்லாம் உழைத்து அயர்ந்த அம்மாவா? நாய்க்குட்டி வேண்டும் என்று அடம் பிடித்த நாமா? இதற்கு விடை சொன்ன பிறகே குட்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நம் கருத்து.

வகுப்பில் ஒற்றை விரலை உயர்த்தி நிற்கும் சின்னஞ்சிறு குழந்தையை நாம் அறிவோம். உடனே "போய் வா" என்று கேட்கும் குழந்தை அஞ்சுவதில்லை. மீண்டும் கேட்கத் தயங்குவதுமில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையே அதற்குத் துணை. வாலாட்டி நிற்கும் குட்டிக்கும் அதுவே வேண்டும்.

மணி கட்டுவது ஒரு நாள் வேலை. அது ஒலிக்கும்போதெல்லாம் எழுந்து கதவைத் திறப்பது, அந்த நாயின் ஆயுள் முழுவதற்கும் நாம் கொடுக்கும் வாக்கு. வாக்கைக் காக்க மனமிருந்தால், தோழியரே, மணியைக் கட்டுவோம்!